முகமூடி வீரரின் நடை

"இந்த மல்யுத்த வீடியோ கேமை எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. நீ மட்டும் ஏம்மா மூணு மார்க் குறைச்சிருக்கே?" விமர்சனம் எழுதியவளைக் கூப்பிட்டுக் கேட்டார் பத்திரிகை ஆசிரியர்.

"முகமூடி வீரர் நொண்டிக்கிட்டே ரிங்குக்குள்ள வர்றார் சார். அது தப்பு."

"அதைத்தானே தத்ரூபம்னு புகழ்றாங்க! ஓய்வுபெற்ற அந்த நிஜ வீரரையே கூப்பிட்டு நடக்க வச்சு, அந்த நடையையே பதிவு பண்ணியிருக்காங்க."

"இருபது வருஷமா முட்டி வலி சார். ஆனா ரிங்குல ஒருநாளும் அவர் நொண்டினதில்லை. ஜனங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு வைராக்கியம்."

"அப்ப எங்கதான் நொண்டினாராம்?" ஆசிரியர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டு மாடிப்படியில. அப்பாவோட பையைத் தூக்கிக்கிட்டு நான்தான் சார் பின்னாலயே ஏறுவேன்."