மருமகளின் வயிறு குறித்த தீர்மானம்

மருமகளின் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கலாமா, கூடாதா என்பதை முடிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பம் உணவு மேசையைச் சுற்றிக் கூடியது. அவள் அனுமதி கேட்டு ஆறு மாதமாகியிருந்தது. மாமனாருக்குப் பல்வலி, நாத்தனார் வீட்டுச் சலவை இயந்திரம் பழுது என்று கூட்டம் தள்ளிக்கொண்டே போய்விட்டது.

மாமனார் தலைமை வகித்தார். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நீதிபதியாக உட்காரும் பேறு அவருக்கு வீட்டில்தான் வாய்த்தது.

“மனுதாரர் தரப்புல என்னம்மா சொல்ற?”

“குழந்தை வேணும் மாமா. எனக்கு முப்பத்தாறு முடியப் போகுது. இந்த எடையால மாதவிலக்கே ஒழுங்கா வர்றதில்ல. எடை குறைஞ்சா அது சீராகும், கரு தங்கவும் வாய்ப்பு கூடும்னு டாக்டர் சொன்னாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒன்றரை வருஷம் மட்டும் பொறுக்கணும்.”

“ஒன்றரை வருஷமா!” என்று அலறினார் மாமியார். அவருக்கு மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் ஆகியும் உடல் எரிச்சல் ஓயவில்லை. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நடுங்க, அந்தக் குளிர்காலையிலும் மின்விசிறி அவருக்காக முழு வேகத்தில் சுழன்றது. “முதல்ல ஒரு புள்ளையப் பெத்துக் குடு. அப்புறம் எதை வேணா வெட்டிக்கோ.”

“பெத்துக்க முடியலேன்னுதானே அத்தை வெட்டிக்கணும்ங்கறேன்.”

“வாயையும் சேர்த்துச் சின்னதாக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளு,” என்றார் நாத்தனார்.

நாத்தனார் கைப்பேசியில் படித்தே பாதி மருத்துவரானவர். இப்போதும் விரல் திரையை விட்டு அகலவில்லை. “இதைப் பண்ணிக்கிட்ட ஒருத்திக்கு நாப்பது வயசுலயே எல்லாம் நின்னு போச்சாம். என் சிநேகிதியோட ஓரகத்திக்குத் தெரிஞ்சவங்க.”

“எதனால நின்னுச்சாம் அண்ணி?”

“அதையெல்லாம் யாரு கேட்டா? நின்னுச்சில்ல!”

“வயித்துல கத்தி வெச்சா குழந்தை எங்கடி தங்கும்?” என்றார் மாமியார்.

“வெட்டறது சாப்பாடு போற பையை அத்தை. குழந்தை தங்கற பை வேற.”

“ஒரே வீட்டுல ரெண்டு ரூம். ஒண்ணை இடிச்சா இன்னொண்ணு விரிசல் விடாதா?”

ஆமையின் ஓட்டைக் கழற்றலாமா என்று முயல்கள் கூடித் தீர்ப்பளிப்பதைப் போல விவாதம் நடந்தது. ஆமையைத் தவிர அனைவருக்கும் ஓட்டைப் பற்றித் தெரிந்திருந்தது.

மாமனார் மகனிடம் திரும்பினார். மருமகளின் கணவரான அவர் கண்கண்ணாடிக் கடைக்காரர். வாசலில் நுழையும்போதே, வருபவரின் கண் எவ்வளவு மங்கல் என்று சொல்லிவிடக் கூடியவர். “நீ என்னப்பா சொல்ற?”

“எனக்கு அவ எப்படி இருந்தாலும் சரிப்பா. கல்யாணத்தன்னிக்குப் பார்த்த அதே உருவம்தான், ஒரு மாத்தமும் இல்ல. பாவம், அவளுக்குத்தான் கூச்சம். இப்பல்லாம் தொளதொளன்னு எதையோ மாட்டிக்கிட்டு மறைக்கிறா.”

“எதை மறைச்சு என்னடா?” என்றார் நாத்தனார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். “ஆபீஸ்ல பயிற்சின்னு ஒரு வாரம் வெளியூர் போயிட்டு வந்தாலும் வந்தா, நாகரிகம் தலைக்கேறிடுச்சு. ஒரு கப் சூப்பை ஸ்பூன்ல சொட்டுச் சொட்டா அரை மணி நேரம் குடிக்கிறா. எல்லாம் நம்ம எதிர்ல போடற வேஷம். இந்தப் பீப்பாய் எப்படி நிரம்புதுன்னு அந்த ஃபிரிட்ஜைக் கேட்டாத்தான் தெரியும்.”

மருமகள் முன்னாலிருந்த சூப்பிலிருந்து இன்னொரு சொட்டைக் கரண்டியில் எடுத்துக்கொண்டாள்.

மனுவைத் தள்ளுபடி செய்ய மாமனார் தொண்டையைச் செருமினார். அந்தச் சமயத்தில் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அம்மா! எடை குறைஞ்சா, உடம்பு திகுதிகுன்னு எரியறதும் சில பேருக்குக் குறையுதாமே! ராத்திரியெல்லாம் எழுந்து உட்கார்ந்து விசிறிக்கிறியே, அதேதான்!”

மாமியாரின் முகம் மாறியது. “எனக்கும் பண்ணுவாங்களாடி?”

“கேட்டுப் பார்க்கலாம்.”

“உயிருக்கு ஒண்ணும் ஆயிடாதே?”

“அதான் தெரியலம்மா. நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் பண்ணிக்கிட்டதில்லையே.”

பிறகு தாயும் மகளும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள்.

“என்னங்க, இவ முதல்ல பண்ணிக்கட்டுமே!” என்றார் மாமியார் தாராளமாக. “பாவம், ஆசைப்பட்டுக் கேக்கறா. இவளுக்கு நல்லபடியா முடிஞ்சா, பின்னாலயே நானும் போயிட்டு வந்துடறேன்.”

மாமனார் கரண்டியால் மேசையைத் தட்டினார். “மனு அனுமதிக்கப்படுகிறது.”

கண்கண்ணாடிக் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். “நான் அப்பவே நினைச்சேன்,” என்றார்.

மாமியாரின் குரலில், அந்த வீட்டில் அதுவரை எவரும் கேட்டிராத கனிவு சேர்ந்திருந்தது. “எப்பம்மா போற? ஆஸ்பத்திரிக்கு நானே கூட வர்றேன். பக்கத்துலயே இருந்து, உன் உடம்புல என்னென்ன மாறுதுன்னு ஒண்ணு விடாம நான் என் கண்ணால பார்க்கணும்.”

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“தையல் பிரிச்சே ரெண்டு மாசமாச்சு, அத்தை.”