முட்டை வாத்தியார் போட்ட முழு மார்க்

"நூத்திப் பதினேழு! வந்தாச்சா, இல்ல ஆப்சென்ட் போட்டுடவா?"

மார்க் பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தார் வாத்தியார். மாலைக் கல்லூரி மாணவர்களுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. இதுதான் கடைசி நம்பர். காலை பதினோரு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டால் ஆண்டவனே வந்து தட்டினாலும் திறக்க மாட்டார். வாசலில் ஹால் டிக்கெட் பார்க்கும் உதவியாளர்கூட, இனி யார் வரப்போகிறார்கள் என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

மாணவர்கள் வாத்தியாருக்கு வைத்த பெயர் 'முட்டை'. பட்டியலில் அவர் அதிகம் போட்டது அதைத்தான். வைவாவில் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் மார்க் வரும். அந்த வம்பே வேண்டாம் என்று இருபது வருடமாகக் குனிந்த தலை நிமிராமல் கேள்வி கேட்டு வந்தார்.

யாரோ மூச்சிரைக்க உள்ளே வந்தார்கள்.

"சார், நூத்திப் பதினேழு வந்து..."

"கதை வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில்."

"இல்ல சார், ஒரே ஒரு நிமிஷம்..."

"நாற்காலி காலியா இருந்தா ஆப்சென்ட். உட்காரப் போறியா, கதவைச் சாத்தவா?"

சட்டென்று நாற்காலி கிரீச்சிட்டது. கொஞ்சம் முதிர்ந்த குரல்தான், ஆனால் மாலைக் கல்லூரியில் அது சகஜம். வாத்தியார் பட்டியலில் விரலை ஓட்டினார். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்ட நம்பர்.

"மூணாவது தடவையாவது உருப்படுமா?"

"உருப்படணும் சார். இதுல பாஸானாத்தான் வேலை. திங்கட்கிழமை சேரலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க." குரல் நடுங்கியது.

"நடுக்கத்துக்கெல்லாம் மார்க் கிடையாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம்னா என்ன?"

நாற்காலி மேஜைக்குப் பக்கத்தில் நகர்ந்தது.

"தையல் கடையில மேற்பார்வை பாக்கறவங்க மாதிரி சார். அவங்க ஒரு தையல்கூடப் போட மாட்டாங்க. எந்தத் துணி எந்த மிஷினுக்கு, எது முதல்ல, எது அப்புறம்னு பிரிச்சுக் குடுப்பாங்க. அவங்க ஒருநாள் வரலேன்னு வைங்க, கூச்சல்தான் மிஞ்சும். சட்டை வராது."

புத்தகத்தில் இப்படி இல்லை. ஆனால் தப்பென்று சொல்லவும் முடியவில்லை. வாத்தியாருக்கு எரிச்சல் வந்தது.

"பிராசசர் ஒண்ணு, வேலை நாலு. எப்படிச் சமாளிக்கும்?"

"ஆளுக்குக் கொஞ்ச நேரம் சார். ஒரு துணியை நிறுத்திட்டு இன்னொண்ணை எடுக்கும்போது, எங்க விட்டோம்னு சாக்பீஸால கோடு போட்டு வச்சுடணும். போடாம மடிச்சு வச்சா, மறுபடி எடுக்கும்போது கை எது, கழுத்து எதுன்னு முழிக்கணும். கம்ப்யூட்டர்ல அந்தக் கோட்டுக்குப் பேரு கான்டெக்ஸ்ட் சேவ் பண்றது."

முட்டை போடத் தயாராக இருந்த பேனா அந்தரத்தில் நின்றது. சரி, கடைசி அஸ்திரத்தை விட்டுப் பார்ப்போம் என்று நினைத்தார்.

"டெட்லாக்?"

"அது எங்க கடையில தினம் நடக்கும் சார். வெட்டறதுக்குக் கத்தரிக்கோலும் வேணும், இஞ்ச் டேப்பும் வேணும். கத்தரிக்கோல் ஒருத்தி கையில, டேப்பு இன்னொருத்தி கையில. நீ குடு, நீ குடுன்னு ரெண்டு பேரும் பிடிச்ச பிடியை விட மாட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் துணி அப்படியே கிடக்கும்."

"அதுக்கு என்ன வழி?"

"ஒருத்தி கீழ வைக்கணும், இல்ல பிடுங்கணும். அதைவிட, முதல்ல டேப்பை எடுத்தவதான் கத்தரிக்கோலைத் தொடலாம்னு ஒரு சட்டம் போட்டுட்டா சண்டையே வராது சார்."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு ஐம்பதுக்கு ஐம்பது என்று எழுதினார். எழுதிவிட்டு, இருபது வருடக் கொள்கையைக் காற்றில் பறக்கவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

எதிரே முன்தலை நரைத்த ஓர் அம்மாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. கண்கள் மட்டும் அவரைப் பார்க்காமல் கடிகாரத்துக்கும் கதவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தன.

"பயப்படாதீங்கம்மா. முழு மார்க்! இந்தக் கை போட்ட முதல் முழு மார்க். நீங்க கிளம்பலாம்."

அந்த அம்மாள் கிளம்பவில்லை. நாற்காலியின் இரண்டு கைகளையும் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க சார்."

முழு மார்க் வாங்கிய பிறகும் கேள்வி கேட்கச் சொல்லும் பிறவியை வாத்தியார் கண்டதில்லை. வாயைத் திறந்தார். அதற்குள் கதவு படாரென்று திறந்தது. பதினோரு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

வியர்வை சொட்டச் சொட்ட ஓடி வந்த ஓர் இளம்பெண், ஹால் டிக்கெட்டை மேஜைமேல் வைத்தாள்.

"நூத்திப் பதினேழு, சார்! இதை வீட்டுலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன், அதான்..."

அப்போதுதான் அந்த அம்மாள் எழுந்தார். மகளின் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

"இதைத்தான் சார் சொல்ல வந்தேன், நீங்க எங்க விட்டீங்க? இவ சத்தம் போட்டுப் படிச்சதுல மிஷின் சத்தத்தையும் மீறி என் காதுல விழுந்தது பாதிதான். முழுசாப் படிச்சவ இதோ உட்கார்ந்திருக்கா, இப்பக் கேளுங்க!"