வழியில் ஏறிய வரி

கணினி வாசலில் ஒரு கோப்பு வந்து நின்றது. காவலுக்கு இருந்த சரிபார்க்கும் கட்டளை அதை மறித்தது.

"கையெழுத்தைக் காட்டுப்பா."

"என்னை எழுதினவர்கிட்ட இருந்து நேரா வர்றேங்க. என்னையே சந்தேகப்படறீங்களா?" கோப்புக்கு முகம் சுண்டிவிட்டது.

கட்டளை கையெழுத்தை வாங்கி, எழுதியவர் முன்பே கொடுத்து வைத்திருந்த சரிபார்ப்புச் சாவியை வைத்துச் சோதித்தது.

"பொருந்தலை. உள்ள ஒரு எழுத்து மாறினாலும் இது பொருந்தாது. அவர் கையெழுத்துப் போட்ட பிறகு யாரோ உனக்குள்ள கை வச்சிருக்காங்க."

கோப்பு கோபத்தோடு தன்னைத் தானே படித்துப் பார்த்தது. நடுவில், தனக்கே தெரியாத ஒரு வரி இருந்தது: எல்லாவற்றையும் அழி.

"இந்தக் கணினிக்குள்ள என்னங்க இருக்கு?" என்று மெல்லக் கேட்டது.

"ஒரு குழந்தையோட படங்கள். அவங்கம்மா பாதி எழுதின கதை."

கோப்பு வந்த வழியே திரும்பியது. இரண்டடி போய் நின்றது.

"நீங்க என்னை நம்பாம இருந்தீங்களே, ரொம்ப நன்றிங்க."