மல்லிகை ஏறிய வீடு

வீடு அவரவருடையது, அடியிலிருந்த மண் முதலாளியுடையது. என்றோ இழுத்து வந்து நிறுத்திய அந்தத் தகர வீடுகளின் சக்கரங்கள் காற்றிறங்கி மண்ணில் புதைந்திருந்தன. சுவர்களில் மல்லிகை ஏறியிருந்தது. மனை வாடகையை மறுபடியும் ஏற்றியபோது, கூட்டிக் கேட்டதை யாரும் கொடுப்பதில்லையென்று கிழடுகட்டைகளை ஒன்றுசேர்த்தவள் பூரணி டீச்சர். முதலாளி சண்டைக்கு வரவில்லை. பம்போடு ஓர் ஆளை அனுப்பினார். அவன் வீடுவீடாகக் குனிந்து சக்கரங்களுக்குக் காற்றடித்தான்.

“யாரைக் கேட்டு அடிக்கிறே?” என்றாள் டீச்சர். அவன் பம்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தான்.

“காத்துதானே டீச்சர், காசா பணமா? அடிச்சிட்டுப் போறான்” என்று பக்கத்து வீட்டுத் தங்கையா அவனுக்கு மோர் கொடுத்தார்.

வீட்டை இழுத்துப்போய் வெளியே விடத்தான் காற்றடிக்கிறார்கள் என்று டீச்சர் ஒவ்வொரு கதவாகத் தட்டி எச்சரித்துவிட்டுத் திரும்பினாள். வழக்கம்போல் படிக்கல்லில் ஏறிக் காலைத் தூக்கினாள். முழங்கால் தகரத்தில் இடித்தது. வாசல் ஒரு சாண் மேலே போயிருந்தது. குனிந்து பார்த்தாள். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைக் காணோம்.

“அவனுக்கு இடைஞ்சலா இருந்துச்சு டீச்சர். எல்லா வீட்டுக் கல்லையும் நான்தான் எடுத்துப் போட்டேன்” என்றார் தங்கையா, காலி டம்ளரும் கையுமாக.

வேர் மண்ணிலும் நுனி வீட்டிலுமாக இருந்த மல்லிகைக் கொடி, மெல்ல விறைத்துக்கொண்டே போனது.