பன்னிரண்டு யூனிட்

பக்கத்து வீட்டுத் திரௌபதி அக்காவை நூருல் அமீன் பாய் ஏமாற்றிவிட்டார். மாடியில் சோலார் போட்டால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் கரன்ட் வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர். வருவது ஏழு.

அக்கா கடலோரத்துப் பனித்திட்டு ஊரில் மீன் வாங்கி விற்கிறவள். விற்காத மீனைப் போட்டு வைக்க வீட்டில் பெரிய ஃப்ரீசர் ஒன்று உண்டு. அதற்காகத்தான் கடன் வாங்கி மூன்று கிலோவாட் பேனல் போட்டாள். ஒரு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. கரன்ட் பில் பேருக்கு வந்துபோனது. இந்தத் தை மாசத்திலிருந்து எல்லாம் சரிந்தது. போன பில்லைப் பார்த்தவள் அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பாய் கொடுத்த ஒப்பந்தத்தை வாங்கி இரண்டு நாள் படித்தேன். பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிற எனக்கே இரண்டு நாள் ஆனது. பேபேக் பீரியட், டீகிரடேஷன், பெர்ஃபார்மன்ஸ் ரேஷியோ என்று பக்கம் முழுக்க. போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும், பேனல் வருஷத்துக்கு எவ்வளவு தேயும், வர வேண்டியதில் எவ்வளவு வருகிறது, இவ்வளவுதான் விஷயம். இதை இங்கிலீஷில் அடித்து ஒரு மீன்காரியிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அதற்குப் பெயர் வியாபாரமா?

காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் அக்கா வீட்டு மாடியில் ஏறிப் பார்த்தேன். பேனலில் தூசி இல்லை, காக்கா எச்சம் இல்லை. வெயில் பளீரென்று அடித்தது. அக்காவின் போனில் கணக்குக் காட்டும் ஆப்பையும் பார்த்தேன். மதியம் ஒரு மணிவரை கோடு ஏறுகிறது, அப்புறம் பொத்தென்று விழுகிறது. மட்டமான சரக்கு, சூடு தாங்கவில்லை. தெர்மல் லாஸ். அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை அக்காவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பாகூரில் பாய் கடைக்குப் போனேன். வழியெல்லாம் பின்னாலிருந்து, அவரு நல்ல மனுசன் பாப்பா, உடு பாப்பா, வெயில்ல எதுக்கு அலையிற என்று புலம்பிக்கொண்டே வந்தாள். ஏமாந்தவர்களே ஏமாற்றியவருக்கு வக்காலத்து வாங்குகிற ஊரில் வேறு என்ன நடக்கும்?

பாய் டீ சொன்னார். நான் தொடவில்லை. எட்டு மாசக் கணக்கை அவர் முன்னால் விரித்தேன். பெர்ஃபார்மன்ஸ் ரேஷியோ என்று நான் ஆரம்பித்ததும் அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஃபேனைப் பார்த்தாள்.

"பேனல்ல இன்னாவோ கோளாறு பாப்பா" என்றார். "ஸ்டாண்டை ஒசத்தி, கொஞ்சம் தள்ளி நிறுத்திக் குடுத்துடுறேன். காசு வேணாம்."

"தப்பு உங்க மேல இல்லன்னா காசு வேணாம்னு ஏன் சொல்றீங்க?"

"சரி, என் தப்புதான்."

இப்படிச் சட்டென்று ஒத்துக்கொள்கிறவர்களோடு வாதாடுவது பெரிய கஷ்டம். நான் எழுதி எடுத்துப் போயிருந்த ஆறு கேள்விகளும் அப்படியே வீணாயின. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

மட்டமான பேனல் போட்டேன் என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன், மின்துறையில் நானே போய்க் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். அது போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மானியத்துக்கு அங்கீகரித்த கடைகளின் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். மானியம் கிடைக்காத கடையில் யார் சோலார் வாங்குவார்கள்? கடையை மூட வேண்டியதுதான்.

மூடட்டும் என்றுதான் நினைத்தேன்.

பாய் லெட்டர்பேடை இழுத்தார். தேதி போட்டார். அக்காவின் பெயர், ஊர், மீட்டர் நம்பர் எல்லாம் எழுதினார். சரக்கு மட்டம் என்று போட்டால் போதுமா என்று என்னிடமே கேட்டார். குறைவுக்குக் காரணம் என்று தனியாகப் போட்டு விளக்கமாக எழுதுங்கள் என்றேன்.

'காரணம்' என்று எழுதிப் புள்ளி வைத்தபோது அக்கா எழுந்து அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள்.

"போதும் பாய். நீங்க புள்ளகுட்டிக்காரரு."

"உக்காரு திரௌபதிம்மா. பேசினபடியே இருக்கட்டும்" என்றார் பாய்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயப்படாதே அக்கா, உனக்காகத்தான் நான் இருக்கிறேன் என்றேன். காரணம் எழுதாமல் இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்றும் சொன்னேன்.

அக்கா பேனாவை என் கையில் வைத்தாள்.

"அப்ப நீயே எழுதிக்க. நீ தனியா குந்திப் படிக்கணும்னு தை மாசம் உங்கப்பா மாடியில ரூம் எழுப்புனாரே, மதியத்துக்கு மேல அதோட நிழல் மொத்தமும் என் பேனல் மேலதான் உழுது. பாய் அப்பவே வந்து பாத்துட்டு உங்கப்பாகிட்ட சொல்லப் போனாரு. சொல்லாதீங்க பாய், தெரிஞ்சா அந்தப் புள்ளைக்கு அங்க குந்திப் படிக்க மனசு வராது, யாரு கேட்டாலும் பேனல் சரியில்லன்னு உங்க மேல போட்டுக்குங்கன்னு நான்தான் கேட்டுக்கினேன்."