ஒரு கதவுக்கு ஒரு விண்ணப்பம்

"அந்த ஒரு ஃபைல மட்டும் எப்படியாவது எடுத்துக் குடுங்க நானா. மத்ததெல்லாம் போனாப் போகட்டும்."

வீடமைப்புத் திட்டத்துக்குப் பெயர் பதியும் சிவசக்தி நீட்டிய லெப்டொப்பிலிருந்து செம்மண் சேற்றுத் தண்ணீர் சொட்டியது. பதுளையில் கம்பியூட்டர் திருத்தும் தாஸிம் நானா அதை வாங்கி, பழைய துவாயை விரித்து மேசையில் வைத்தார்.

"என்ன மிஸ் இது! கொட்டுற மழையில இதையும் தூக்கிட்டுத் திரிஞ்சீங்களா?"

"இல்ல நானா. நனையக் கூடாதுன்னுதான் நேத்துப் பின்னேரம் மேல் லயத்து ரெங்கம்மா வீட்டுல வெச்சிட்டு வந்தேன்."

"அப்ப கூரை ஒழுகி ஈக்கும். தோட்டத்து லயத்துத் தகரக் கூரைதானே?"

வெளியே நின்ற ஜீப் ஒருமுறை ஹோர்ன் அடித்தது.

தாஸிம் ஆணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். "மேல் லயத்து ஆக்களுக்கு வேற இடத்துல வீடு குடுக்குற லிஸ்ட்தானே? இப்ப எல்லாம் ஒன்லைன் ஆச்சே. அதுல ஈக்குமே?"

இந்த வருடம்தான் வீடமைப்புத் திட்ட அலுவலகம் கடுதாசி விண்ணப்பத்தை ஒழித்துவிட்டு ஒன்லைனுக்கு மாறியது. அந்தப் பாழாய்ப்போன படிவம் ஒரு கதவிலக்கத்துக்கு ஒரே ஒரு பெயரைத்தான் ஏற்றுக்கொண்டது. மேல் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பரா. ஒவ்வொன்றிலும் மூன்று குடும்பம். இரண்டாவது குடும்பத்தைப் போட்டால், 'ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது' என்று சிவப்பில் வந்து நிற்கும். லயத்தில் ஒருநாள் படுத்து எழும்பியவன் செய்கிற படிவமா அது!

"ஒன்லைன்ல பன்னெண்டு பேருதான் நானா. மத்தவங்க எல்லாரும் இதுக்குள்ளதான் இருக்காங்க."

"வேற எங்கயும் பேக்கப் போட்டு வைக்கல்லியா?"

"எங்க ஒப்பிஸ்ல மூணு தடவ சொன்னாங்க. சிக்னலுக்குப் பாறை மேல ஏறணும். நாளைக்கு, நாளைக்குன்னு விட்டுட்டேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

"தோட்டத்து ஒப்பிஸ்ல பேரு ஈக்காதா?"

"செக்ரோல்ல வேலைக்குப் போறவங்க பேரு மட்டுந்தான். கைப்புள்ளைங்க, வயசானவங்க, கொழும்புலருந்து லீவுக்கு வந்தவங்க எல்லாரையும் ஒரு வாரமா வீடு வீடாப் போய் எழுதி நேத்துதான் முடிச்சேன். ரெங்கம்மா புள்ளைக்கு இன்னும் பேரு வைக்கல. 'பாப்பான்னு போடுங்க மிஸ், வீடு கெடைக்கிறதுக்குள்ள வெச்சிருவோம்'னு சொல்லிச் சிரிச்சா."

தாஸிம் உள்ளிருந்த டிஸ்க்கைப் பிரித்தெடுத்துத் துடைத்து, காய்ந்ததும் தன் கம்பியூட்டரில் மாட்டினார். முதல்முறை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. சிவசக்தி, 'முருகா, முருகா' என்று முணுமுணுத்தாள். ஜீப் மறுபடியும் ஹோர்ன் அடித்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! ஃபைல் முழுசா ஈக்குது மிஸ்!"

திரையில் முதல் வரி: அழகர், வயது ஐம்பத்தேழு. கடைசி வரி: பாப்பா, இருபது நாள்.

சிவசக்தி முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். தாஸிம் பதறிப்போனார். அவசரமாகப் பிரின்ட் எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"சந்தோஷமான நேரத்துல ஏன் மிஸ் அழுறீங்க? இனி ஒருத்தருக்கும் வீடு இல்லாமப் போகாது. மொத்தம் எத்தன பேரு?"

"நூத்திப் பதினாலு."

ஜீப்பில் வந்த இராணுவ அதிகாரி உள்ளே நுழைந்தார். அவருடைய சப்பாத்திலும் அதே செம்மண் சேறு. அவள் தாள்களை அவரிடம் நீட்டினாள்.

"வீட்டுக்கு இல்ல நானா. விடியக்காலம் மலை சரிஞ்சு மேல் லயம் அப்படியே மண்ணுக்குள்ள போயிருச்சு. இந்த லெப்டொப்தான் மொதல்ல கெடச்சுச்சு. ஒன்லைன்ல பன்னெண்டு பேருன்னு காட்டுது. உள்ள எத்தன பேருன்னு சரியாத் தெரிஞ்சாத்தானே, தோண்டுறத எப்ப நிறுத்துறதுன்னு இவங்களுக்குத் தெரியும்."