தீர்த்த வட்டில்

"உன் மாமனார் எதுக்கு வோட்கா கப்பைக் கையில வெச்சிட்டு நிக்கறார்?"

ரோஷினி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். பக்கத்து க்யூபிக்கிள் யூரி, அவள் மானிட்டருக்கு மேலே ஒட்டியிருந்த ஃபோட்டோவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பஞ்சகச்சம், நெற்றியில் திருமண், கையில் சின்ன வெள்ளிக் கிண்ணம். அவள் மாமனார் கஸ்தூரிரங்கன்.

"வோட்காவா? அது பூஜைக் கிண்ணம் யூரி. நான் வாங்கிக் கொடுத்தது."

"எங்கே வாங்கினே?"

"டாலஸ்ல ஒரு வீட்டுப் பழைய சாமானெல்லாம் வித்த எஸ்டேட் சேல்ல. அடியில 84னு போட்டிருக்கும். 1984ல செஞ்சது."

யூரி சத்தமாகச் சிரித்தான். ரஷ்யாவில் பிறந்தவன். அவன் அப்பா பழைய வெள்ளிச் சாமான் சேகரிப்பவர்.

"84ங்கறது வருஷம் இல்லை, வெள்ளியோட தரம். ஜார் காலத்து முத்திரை. சுத்தி வர எழுத்து இருக்குமே?"

"இருக்கு. பூவேலைன்னு நினைச்சேன்."

"எங்கப்பாகிட்ட இருக்கறதுல 'இன்னொண்ணு ஊத்து'ன்னு எழுதியிருக்கும். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குச் சாப்பிட வரேன்ல? உன்னுதையும் படிச்சுச் சொல்றேன்."

ரோஷினி எட்டி ஃபோட்டோவைக் கழற்றினாள்.

அவள் கல்யாணம் மாமனாரின் சம்மதம் இல்லாமல் நடந்தது. அவர்கள் ஐயங்கார், அவள் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் அவர்கள் வீட்டுக்கு வந்து இறங்கியவர், முதல் நாள் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. மறுநாள் பயந்துகொண்டே இந்தக் கிண்ணத்தை நீட்டினாள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்தை விரலால் தடவினார்.

"பெருமாளுக்குத் தீர்த்த வட்டிலா இருக்கட்டும்மா" என்றார். அவளை 'அம்மா' போட்டுக் கூப்பிட்டது அன்றுதான். அதிலிருந்து தினமும் அதில்தான் தீர்த்தம்.

"யூரி, இது தெரிஞ்சா அவர் என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டார். நீ வாயைத் திறக்கக் கூடாது."

"சாப்பிடறதுக்கு மட்டும் திறக்கலாமா?"

"விளையாடாதே."

ஞாயிற்றுக்கிழமை கணவன் சிகாகோவில் க்ளையன்ட் வேலையாக மாட்டிக்கொண்டான். விருந்துக்குக் கீழ்வீட்டு கிட்டுசாமி அங்கிளும் வந்திருந்தார்.

பூஜை முடிந்தது. மாமனார், எழுத்தெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும்படி வட்டிலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் கையிலும் உத்தரணிக் கரண்டியால் மூன்று தரம் தீர்த்தம் விட்டார்.

"மூணு தரமா? எங்க ஊர் வோட்காவுக்கும் மூணுதான்" என்று யூரி கிசுகிசுத்தான். ரோஷினி அவன் காலை மிதித்தாள்.

கிட்டுசாமி தீர்த்தத்தைத் தலையில் தடவிக்கொண்டு அவர் விரலிடுக்கில் எட்டிப் பார்த்தார். "ஏனுங் ரங்கன் சார், அதுல என்னமோ ரஷ்யா எழுத்தாட்டம் இருக்குதுங்களே? அந்த ஊர்த் தம்பியே பக்கத்துல நிக்குது, படிக்கச் சொல்லுங்க!"

"சாப்பாடு ஆறிடும் கிட்டுசாமி. உக்காருங்கோ."

"அட, அரை நிமிசமுங்க. தம்பி, ரீட் இட், ரீட் இட்!"

மாமனார் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். யூரி குனிந்தான். அவன் உதடு ஓரத்தில் லேசாகத் துடித்தது. ரோஷினி சாம்பார்க் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"'கடவுள் இந்த வீட்டைக் காக்கட்டும்'" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னான் யூரி. "சர்ச்ல புனித நீர் கொடுக்கற கப் சார் இது."

"பாத்தீங்களா! அங்கயும் தீர்த்தந்தானுங்க!" கிட்டுசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாமனார் வட்டிலைப் பெருமாள் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பினார். "ரோஷினி, அந்தப் பிள்ளைக்கு முதல்ல பாயசம் போடும்மா."

யூரி கிளம்பும்போது அவரே கார் வரைக்கும் போனார். ரோஷினி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். யூரியின் தோளில் கை போட்டு என்னவோ பேசிக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை ஆங்கிலம் பேசவே கூச்சப்படுகிறவர், அப்படி என்னதான் பேசுகிறாரோ!

மறுநாள் ஆபீசில் பையை வைத்ததும் யூரியிடம் போனாள்.

"தேங்க்ஸ் யூரி. நேத்து எனக்குப் போன உயிர் திரும்பி வந்துது."

"ஒரே ஒரு பொய் சொன்னேன். வீட்ல ரெண்டு பேரும் தேங்க்ஸ் சொல்றீங்க."

"ரெண்டு பேரா?"

"உன் மாமனார் கார்கிட்ட சொன்னாரே, சுத்தமான ரஷ்யன்ல! கல்யாணத்துக்கு முன்னாடி நெய்வேலியில எங்க ஊர் இன்ஜினியர்களோட நாலு வருஷம் வேலை பார்த்தாராம். நீ கொடுத்த அன்னிக்கே படிச்சுட்டாராம்" என்றான் யூரி. "'என் பொண்ணு ஆசையா வாங்கிட்டு வந்தது தம்பி, அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்'னார்."